ஒருநாள் காய்ச்சல்

காலை ஆறு மணிக்குக் குமுதவல்லியின் பிடரியில் பதித்திருந்த நலமானி, வழக்கம்போல ரத்தத்தைச் சோதித்து, "நோய் இல்லை, வேலைக்கு வருவார்" என்று அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டது. அவள் இன்னும் கண்ணே திறக்கவில்லை. மனிதர் குடியேறிய எல்லா உலகங்களிலும் இதுதான் சட்டம். தலைவலி, வயிற்றுவலி என்று வாயால் சொல்லி விடுப்பு எடுத்த பொற்காலம் மலையேறி அறுபது ஆண்டுகளாகிவிட்டன.

வெண்கல் என்ற சிறுகோள் நாட்டின் ஒரே உயிர்நுட்பக் கூடம் அவளுடையது. மொத்த மக்கள்தொகையே ஒன்பதாயிரம். அவள் எந்த மருந்தைச் செய்தாலும் செவ்வாய்க்காரன் அதையே பாதி விலைக்குக் கப்பல் கப்பலாக இறக்கிவிடுவான், பாவி! இன்றாவது உருப்படியாக ஒரு சரக்கைக் காட்டாவிட்டால் கூடத்துக்குப் பூட்டு.

சரக்கைப் பார்க்க அமைச்சர் சவரிமுத்து வந்தார். குமுதவல்லிக்கு அழுகை முட்டியது.

"தோத்துட்டேன் ஐயா. புத்துணர்ச்சி தர்ற நுண்ணுயிர்னு நெனச்சு செஞ்சோம். குடிச்சுப் பாத்த நம்ம கூடத்துத் தங்கராசுக்குக் காய்ச்சல் வந்துடுச்சு."

"அடப்பாவமே! இப்ப எப்படி இருக்கான்?"

"ஒரே நாள்தான் ஐயா. மறுநாள் எந்திரிச்சு எட்டு இட்லி சாப்பிட்டான். யாருக்கும் தொத்தவும் இல்ல."

அமைச்சர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "நலமானி என்ன சொல்லிச்சு?"

"காய்ச்சல்னு சொல்லிச்சு. அன்னிக்கு அவனுக்கு லீவு."

"முப்பது வருஷமா நான் ஒரு நாள் லீவு போட்டதில்லம்மா," என்றார் அமைச்சர். கையை நீட்டினார். "எனக்கு ஒரு குப்பி குடு."

ஆறே மாதத்தில் வெண்கல்லின் காய்ச்சல் சூரியக் குடும்பம் முழுக்கப் பறந்தது. செவ்வாயின் பெரிய நிறுவனமொன்று நகலெடுக்க முந்நூறு பேரை அமர்த்தியது. ஆராயக் கொடுத்த குப்பிகள் அத்தனையும் காலி; முந்நூறு பேரும் விடுப்பில். சிறிய நாட்டுக்குப் போட்டியே இல்லாமல் போயிற்று.

பத்து லட்சம் குப்பிகளை ஏற்றக் கப்பல் வந்து நின்ற அன்று, குமுதவல்லியின் கூடத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. பதறிப்போய்த் தங்கராசை அழைத்தாள்.

"காய்ச்சல்ம்மா... நூத்திரெண்டு..." என்று முனகினான். பின்னால் ஒரு கூட்டமே, "அவுட்! அவுட்!" என்று கத்தியது.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. இன்று செவ்வாயோடு கிரிக்கெட் இறுதியாட்டம்! எரிச்சலாகத்தான் இருந்தது. கப்பலை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு குப்பியை எடுத்துக் குடித்துவிட்டு, கம்பளியைத் தேடி வீட்டுக்கு நடந்தாள்.

"நோய் உண்டு, வேலைக்கு வரமாட்டார்" என்று நலமானி கடமை தவறாமல் அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பியது. அதைப் படிக்க அங்கே ஒருவரும் இல்லை.