லிசி போட்ட நேரம்

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஒரு பழைய வீட்டை மாற்றி ஆபீஸாக்கியிருந்தார் ரத்தினவேல். அங்கே சர்வர்களைப் பார்த்துக்கொள்ள வந்த பிரேமலதாவுக்குக் கிடைத்தது லிசியின் நாற்காலி. லிசி மூன்று மாதத்துக்கு முன்னால் கொள்ளிடம் பாலத்தில் லாரி மோதிச் செத்துப்போனவள்.

செத்தவள்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? பிரேமலதா பட்டாள், வயிறு எரிய எரியப் பட்டாள். பின்னே? எதற்கெடுத்தாலும் ஆபீஸில், "லிசி இருந்தா இந்நேரம் முடிச்சிருப்பா!" என்கிற பேச்சுதான்.

யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், வெளியே போனார் என்று சர்வர் எழுதிவைக்கும் லாக் ஃபைல்களின் பெயரில் தேதியும் நேரமும் தானாக விழ, லிசி ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தாள். பிரேமலதா அதை அழித்துவிட்டுச் சொந்தமாக ஒன்று எழுதினாள். லினக்ஸ் மெஷினில் அது ஜோராக ஓடியது. விண்டோஸில் மண்ணைக் கவ்வியது. மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே அவள் வைத்த முக்காற்புள்ளியை விண்டோஸ் ஃபைல் பெயரில் சேர்க்காது. மூன்று நாளாக அங்கே ஒரு ஃபைலும் சேரவில்லை.

"மூணு மணிக்குள்ள ஃபைலைக் காட்டுங்க பிரேமலதா. இல்லன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு ரத்தினவேல் சாப்பிடப் போனார். மற்றவர்களும் போய்விட்டார்கள்.

சர்வர் ரூமில் ஃபேன்கள் உஸ்ஸென்று இரைந்தன. ஏசி குளிரில் எங்கிருந்தோ டீசல் வாடை வந்தது.

அவள் லிசியின் நாற்காலியில் உட்கார்ந்து விண்டோஸ் ஃபோல்டரைத் திறந்தாள்.

மூன்று நாள் ஃபைல்களும் இருந்தன.

முக்காற்புள்ளிக்குப் பதில் சின்னச் சின்னக் கோடு. லிசியின் வழக்கம் அது.

பயத்துக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. வேலையைக் காப்பாற்றுமே என்றுகூட யோசிக்கவில்லை. "செத்தும் நீதான் கெட்டிக்காரியாடி?" என்று முணுமுணுத்தபடி மூன்றையும் அழித்தாள்.

காலியான இடத்தில் புதிதாக ஒன்று வந்து நின்றது. பெயரில் மணி இரண்டு இருபத்தொன்று. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு பதினேழுதான் ஆகியிருந்தது.

திறந்தாள். உள்ளே இரண்டே வரி.

2.20 – பிரேமலதா வெளியேறினார்.

2.21 – லிசி உள்ளே வந்தார்.

"மாட்டேன்." நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்தாள். "இது என் இடம். எழுந்திருக்கவே மாட்டேன்."

அவள் எழுந்திருக்கவில்லை.

மணி இரண்டு இருபது ஆனது. அவள் பின்கழுத்தில் ஜில்லென்று ஏதோ பட்டது.

கதவைத் திறந்துகொண்டு ரத்தினவேல் வந்தார். நேராக அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன லிசி, சாப்டாச்சாம்மா?"

நான் பிரேமலதா சார் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"ஆச்சு சார்," என்றது அவள் தொண்டையிலிருந்து வேறொருத்தியின் குரல்.