நாலாவது ஆள்

கல்லுக்கு என்ன தெரியப்போகிறது. பையின் அடியில் கிடக்கும். கடலைப் பார்த்ததும் மணலில் போட்டுவிட்டுத் திரும்பிவிடலாம்.

பவ்யா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பைக்கிலிருந்து இறங்கி, மரத்துப்போன காலை உதறியபடி நினைத்துக்கொண்டாள். திருப்பதியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு சித்தூர் திரும்பும் வழி. புத்தலப்பட்டுக்கு முன்னால் ரோட்டை ஒட்டி ஓர் ஏரி. மகள் பிரித்திகாவுக்குக் கையெல்லாம் ஐஸ்கிரீம். உடனே கழுவியாகவேண்டும் என்று ஆறு வயதுப் பிடிவாதம். கணவன் யோகேஷ் வண்டியைக் கரையில் நிறுத்தினான். வெயில் இறங்கி, தண்ணீர் ஈய நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது.

கல் பேச்சைத் தொடங்கி வைத்தவள் மனோரமா. சித்தூரில் பவ்யா வேலை செய்யும் துணிக்கடையில் பக்கத்து பில் கவுன்டரில் உட்காருபவள். சங்கராந்தி லீவுக்குக் கடலோரமாக ரயிலில் போகப்போகிறோம், நாங்கள் மூன்று பேர் மட்டும் என்று பவ்யா சொன்னபோது அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"மூணு பேராவா? மூணு பேரா கெளம்புனா வெளங்குமா? ஒரு கல்ல எடுத்துப் பையில போட்டுக்க. நாலாளு கணக்காயிடும். அதுக்கு டிக்கெட்டும் வாணாம், பிரியாணியும் வாணாம்."

அதைக் கேட்டதிலிருந்து யோகேஷுக்கு அது ஒரு வேடிக்கை. இப்போது தண்ணீரோரம் போனவன் அங்கிருந்து கூப்பிட்டான்.

"தோ கீது பாரு, நாலாவது ஆளு."

சேற்றில் கட்டைவிரல் போல ஒரு கல். கிடக்கவில்லை. நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் உடைந்த மண்கலயத்தின் ஓடு, வதங்கிய சாமந்தி, மஞ்சள் கரைந்த ஈரம். பவ்யா எல்லாவற்றையும் பார்த்தாள். கண் பார்ப்பதை மனம் வாங்கிக்கொள்ளாத நேரம் ஒன்று உண்டு. சந்தோஷமாக இருக்கும் நேரம் அது.

யோகேஷ் கல்லைப் பிடுங்கி, புது மருமகளை வீட்டுக்கு அழைப்பதுபோல் தலையைச் சாய்த்து, "வாம்மா, கடலுக்குப் போலாம்" என்றான். பிரித்திகா விழுந்து விழுந்து சிரித்தாள். தன் வாட்டர் பாட்டிலைக் கவிழ்த்து, அப்பாவின் உள்ளங்கையில் இருந்த கல்லைக் குளிப்பாட்டினாள்.

யோகேஷின் விரலிடுக்கிலிருந்து ஒரு சொட்டுகூடக் கீழே விழவில்லை.

அதையும் பவ்யா பார்த்தாள்.

வீட்டுக்கு வந்த கல் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. சாயங்காலங்களில் பவ்யா அதன் எதிரே தரையில் உட்கார்ந்து போனில் ரயில் தேடுவாள். சித்தூரில் ஏறி, விழுப்புரம் வழியாகக் கடலூர். அங்கே ஒரு பகல், பழைய கோட்டையைப் பார்க்க. பிறகு சிதம்பரம். மயிலாடுதுறையில் இறங்கி பஸ்ஸில் தரங்கம்பாடி, அலைக்கு முகம் காட்டி நிற்கும் டேனிஷ் கோட்டை. கடைசியாக நாகப்பட்டினம். அந்த ஊர்ப் பெயர்களை அவள் மெல்லச் சொல்லிப் பார்ப்பாள். நகரியில் பவர்லூம் ஓடும் வீட்டில் பிறந்து, இரைச்சலுக்குள்ளேயே தூங்கி, இரைச்சலுக்குள்ளேயே படித்தவள். இதுவரை கடலைப் பார்த்ததில்லை. தனக்கென்று எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள் முதல்முறையாகக் கேட்ட ஒன்று இந்தப் பயணம். அதனால் அதைப் பற்றித் தப்பாக எதையும் நினைக்க அவளுக்கு விருப்பமில்லை.

கல்லின் ஈரம் காயவே இல்லை என்பதைக்கூட.

காலையில் துடைத்து வைத்தால் மத்தியானம் அடியில் நீர் கோத்திருக்கும். பக்கத்தில் போனால் ஒரு வாசனை வரும். ஊறின பச்சரிசி, எள், அணைந்த கற்பூரம். சுவரில் ஓதம் என்றான் யோகேஷ்.

பிரித்திகா பொம்மை டம்ளரில் தினமும் அதற்குத் தண்ணீர் வைத்தாள். டம்ளர் காலியாகிக்கொண்டே இருந்தது. ஒருநாள் ஸ்கூல் வேன் வந்துவிட, நீ வை, நீ வை என்று குழந்தை கெஞ்சினாள். பவ்யா சிரித்துக்கொண்டே டம்ளரை நிரப்பி வைத்தாள். திரும்பி அடுப்படிக்கு நடந்தபோது பின்னால் கேட்டது.

மடக், மடக்.

குழாய் சரியாக மூடவில்லை என்று சொல்லிக்கொண்டாள். போய்ப் பார்க்கவில்லை.

ஒரு ராத்திரி படுக்கையில் படுத்தபடி, ரயிலில் யாருக்கு எந்த சீட் என்று பிரித்திகா பங்கு பிரித்துக்கொண்டிருந்தாள். நைனாவுக்கு மேலே. அம்மாவுக்கு நடுவில். ஜன்னல் பக்கம் அக்காவுக்கு.

எந்த அக்கா என்று பவ்யா கேட்டாள்.

"கல்லு அக்கா. அவங்களுக்குக் கோட்டையெல்லாம் வாணாமாம். கடல் வந்தா எறங்கிக்குவாங்களாம்." குழந்தை கொட்டாவி விட்டாள். "ஆனா அதுவரைக்கும் தாகமா இருக்குமாம், ம்மா."

அந்த வாரத்தில்தான் பிரித்திகாவின் உதடு வெடிக்க ஆரம்பித்தது.

எவ்வளவு குடித்தாலும் தண்ணீர் கேட்டாள். குடம் குடமாகக் குடித்த பிறகும் நாக்கு வெள்ளையாக, காய்ந்த இலை போல இருந்தது. கன்னம் ஒட்டியது. கிள்ளினால் தோல் உடனே திரும்பவில்லை. டாக்டர் சர்க்கரை, ரத்தம் எல்லாம் பார்த்து ஒன்றுமில்லை என்றார். பவ்யா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு டம்ளரைச் சாய்ப்பாள். தண்ணீர் தொண்டையில் இறங்குவது தெரியும். எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை.

டிவிக்குப் பக்கத்தில் கல் பளபளவென்று இருந்தது.

குழந்தையைப் பார்க்க மனோரமா ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, "இன்னாடி, கருமாதி வாசன அடிக்குது உன் வூட்ல" என்று கேலி பேசியபடி உள்ளே வந்தவள், கல்லைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"இத்த எங்க எடுத்தீங்க?"

பவ்யா சொன்னாள்.

"கெடந்துச்சா, நட்டு வெச்சிருந்துதா?"

அந்தக் கேள்வி காதில் விழுந்தவுடன், ஏரிக்கரையில் கண் மட்டும் பார்த்திருந்த அத்தனையும் பவ்யாவின் மனதுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. ஓடு. சாமந்தி. மஞ்சள். செத்தவரைக் கல்லில் இறக்கி, நீர்க்கரையில் நட்டு, எள்ளும் தண்ணீரும் வார்த்து, கடைசி நாளில் கல்லைத் தண்ணீரில் விட்டு அனுப்பிவைப்பார்கள். அவளுடைய பெரியப்பாவுக்கும் அப்படித்தான் செய்தார்கள். அவளுக்குத் தெரியாததல்ல.

"நின்னுக்கினு இருந்துது," என்றாள்.

மனோரமா குரலைத் தாழ்த்தினாள். "அப்ப இன்னும் முடியல. தாகத்தோட கீற ஆள எடுத்துக்கினு வந்துட்டீங்க. எடுத்த எடத்துலயே நட்டுட்டு வரச் சொல்லு உன் வூட்டுக்காரர. யாரு தண்ணி வாக்குறாங்களோ அவங்கதான் அதுக்குச் சொந்தம். நீயும் தண்ணி வாத்தியா?"

பவ்யா ஆமாம் என்று தலையசைத்தாள்.

"இனிமே கேட்டா குடுக்காத. யாரு கொரல்ல வந்து கேட்டாலும்."

மறுநாள் விடிந்ததும் யோகேஷ் கல்லைத் துணியில் சுற்றி எடுத்துப்போனான். திரும்பி வந்து, புயல் மழையில் ஏரி ஏறிவிட்டது, அந்த இடமே தண்ணீருக்குள் போய்விட்டது, நடுவில் வீசி எறிந்துவிட்டேன் என்றான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அன்று மாலையே பிரித்திகா அரை டம்ளர் தண்ணீரோடு போதும் என்றாள். உதடு ஆறியது. வீட்டில் எள் வாசனை போய், சாம்பார் வாசனை வந்தது. பயணத்தை விட்டுவிடலாமா என்று பவ்யா கேட்டபோது யோகேஷ், "போனதுக்கப்புறம் என்ன பயம் பவி" என்றான். குழந்தையும் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். பவ்யாவுக்குள்ளும் ஒருத்தி பையோடுதான் நின்றுகொண்டிருந்தாள்.

பட்டப்பகலில் சித்தூரில் ரயில் ஏறினார்கள். ஜன்னலெல்லாம் வெயில், சமோசா எண்ணெய், யாரோ உரித்த சாத்துக்குடி. பயப்பட இடமே இல்லாத கூட்டம். யோகேஷ் மேலே ஏறிப் படுத்துத் தூங்கிப்போனான். பிரித்திகா பவ்யாவின் பக்கத்தில். அவர்களுக்கு எதிரே ஜன்னலோர இடம் காலியாக இருந்தது.

கூட்டம் அப்படி இருந்தும் அது காலியாகவே இருந்தது.

வருபவர்கள் அந்த இடத்தைப் பார்ப்பார்கள். ஒதுங்கிப் போவார்கள். பை சுமந்த ஒருவர் மட்டும் நின்று, தயங்கி, பவ்யாவிடம் கேட்டார்.

"உங்களோட வந்தவங்க எங்க எறங்குவாங்க?"

பவ்யா எதிர் சீட்டைப் பார்த்தாள்.

"இல்ல, எறங்குனா நான் ஒக்காந்துக்கலாம்னு. பாவம், நனஞ்சி வந்திருக்காங்க போல." அவர் இன்னொரு முறை எதிரே பார்த்தார். பிறகு வேகமாக அடுத்த பெட்டிப் பக்கம் போய்விட்டார்.

வெளியே மழை இல்லை. வறண்ட பாறைகளும் மாந்தோப்புகளும் ஓடிக்கொண்டிருந்தன.

எதிர் சீட்டின் ரெக்ஸின் மேல் ஈரம் படர ஆரம்பித்தது. ஆள் உட்கார்ந்த அளவுக்கு. அதன் விளிம்பில் கறுப்பாக ஏதோ. பூச்சியோ என்று குனிந்து பார்த்தாள்.

எள்.

கூப்பிட்டது நாங்கள்தான் என்று பவ்யா நினைத்தாள். ஏரியில் எறிந்தால் கல்தான் போகும். கொடுத்த வாக்கு எப்படிப் போகும். கடலுக்கு வா என்றோம். அவள் வருகிறாள். கடல் வந்தால் இறங்கிக்கொள்வாள். கடலூர் எத்தனை தூரம். யார் பெற்ற பெண்ணோ, அவளும் கடலைப் பார்க்காமலே போனவளாக இருக்கலாம். அந்த எண்ணம் வந்ததும் பயத்துக்கு நடுவே ஒரு கணம் மனம் இளகியது. உடனே நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த இளகலுக்காகத்தான் எதிரே ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறாள் என்று பட்டது.

தோளில் சாய்ந்திருந்த பிரித்திகா விழித்தாள்.

கண் திறக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குழித்து, பவ்யாவின் முன்னால் நீட்டினாள். பெரியவர்கள் ஏந்துவது போல.

"யக்கா," என்றாள். குழந்தையின் வாய். குரல் வேறு. "தாகமா கீது."

பவ்யாவின் மடியில் தண்ணீர் பாட்டில் இருந்தது. அவள் அசையவில்லை.

"ஒரு வாய், யக்கா."

மேலே யோகேஷின் குறட்டை. யாரோ போனில் சிரிக்கும் சத்தம். ஏந்திய கைகள் இறங்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிரித்திகாவின் கீழுதடு நடுவில் வெடித்து, ஒரு பொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது.

பிறகு கைகள் தாமாகவே பிரிந்து விழுந்தன. கண் திறந்தது. அது அவள் மகளுடைய கண்தான். தூக்கம் கலையாத, அம்மாவைத் தேடும் கண்.

"ம்மா. தண்ணிம்மா."

அந்தக் குரலைப் பவ்யா எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவாள். ஜன்னலோரத்து ஈரம் காயவில்லை. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்திருந்தது.

"ம்மா, தண்ணி."

பவ்யா குழந்தையை மார்போடு இழுத்து அணைத்துக்கொண்டாள். இன்னொரு கையால் பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகினாள்.

"இல்லடா," என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். "கடல் வரட்டும்."