கவலை மந்திரி திறந்த கதவு

வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் கவலை மந்திரி. வைத்தது அத்தை.

சும்மா வந்த பெயர் இல்லை. பள்ளிக்குக் கிளம்பிப் பாதித் தெரு போன பிறகு, குழாயை மூடினோமா என்று திரும்பி ஓடி வருவாள். தம்பி தும்மினால் அவளுக்குச் சோறு இறங்காது. "நிலா தேயறதுக்குக்கூட இவ கவலைப்படுவா" என்று அத்தை சொல்ல, தம்பி விழுந்து விழுந்து சிரிப்பான்.

அம்மாவுக்கு இஸ்திரி வேலை. வாசலில் ஒரு தகரக் கூரை, அதன் கீழே நீள மேசை. இஸ்திரிப் பெட்டிக்குள் கரி கனன்றுகொண்டிருக்கும். அப்பா லாரி ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்விடுவார். அவருடைய தங்கையான அத்தைதான் வீட்டில் துணை.

அந்த வருடம் குளிர் பொல்லாததாக இருந்தது. அத்தை ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு, கழுத்துத் துண்டைச் சுற்றி, மூக்கை மட்டும் வெளியே விட்டிருந்தாள். வெளுக்கப் போட்ட மூட்டை நடந்து வருவதுபோல் இருக்கிறது என்றான் தம்பி.

ஒரு நாள் அத்தை பொறுமை இழந்தாள். கிழிந்த துணிகளை எடுத்து ஜன்னல் இடுக்குகளில் திணித்தாள். கதவுக்கு அடியிலும் திணித்தாள். சாயங்காலம் வேலை முடிந்ததும், பெட்டியில் மிச்சமிருந்த கரியை இரும்புச் சட்டியில் கொட்டி அறைக்குள் கொண்டுவந்தாள்.

"வீணா அணையப் போற கரிதானே, அண்ணி."

அம்மாவும் தலையாட்டினாள். இத்தனை வருடமாகக் கரியோடுதான் அவள் பிழைப்பு. அது அவளுக்கு வீட்டு ஆள் மாதிரி. துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு, தெருக்கோடி வீடுகளில் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனாள்.

அறை கதகதப்பாகிவிட்டது. மந்திரிகூடக் காலை நீட்டிச் சுகமாக உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தலை வலித்தது.

பனி தலையில் இறங்கியிருக்கும் என்றாள் அத்தை. எதிர்வீட்டு வாத்தியாரின் சட்டைகள் மந்திரி கொடுக்க வேண்டியவை. குல்லா போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

வெளியே காற்று முகத்தில் அறைந்தது. வாத்தியார் ஒவ்வொரு சட்டையிலும் பொத்தான் இருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்தார். மந்திரி நடுங்கிக்கொண்டு நின்றாள். நிற்க நிற்கத் தலைவலி போய்விட்டது.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் மறுபடி வந்துவிட்டது.

அவள் யோசித்தாள். பனிதான் காரணம் என்றால், பனியில் நின்றபோது அல்லவா வலித்திருக்க வேண்டும்?

தம்பியைப் பார்த்தாள். சுவரோரம் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான். கையில் பாதி பிஸ்கட். பிஸ்கட்டை மிச்சம் வைத்துத் தூங்குகிற ஆள் அவன் இல்லை.

"அத்தை, உனக்கும் தலை வலிக்குதா?"

அத்தை கண்ணைத் திறக்கவில்லை. "மண்டையே வெடிக்குது. பேசாம இரு, மந்திரி."

இரண்டு பேருக்குத் தலைவலி, தம்பிக்கு இப்படி ஒரு தூக்கமா? நாள் முழுக்கக் கரிப் பக்கத்திலேயே நிற்கும் அம்மாவுக்கு ஒரு நாளும் இப்படி வந்ததில்லையே. ஆனால் அம்மா நிற்கும் இடத்தில் கூரை மட்டும்தான். சுவர் இல்லை. இங்கே இடுக்கெல்லாம் துணி.

தாழ்ப்பாளில் கை வைத்தாள். கை தயங்கியது. ஒன்றுமில்லாததற்குக் கதவைத் திறந்து கதகதப்பை வெளியே விட்டால், குளிர்காலம் முடியும்வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

சிரித்தால் சிரிக்கட்டும்.

துணியைக் காலால் தள்ளிவிட்டுக் கதவை அகலத் திறந்தாள். தம்பியைக் கட்டிப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள். குளிர் பட்டதும் அவன் சிணுங்கி அழுதான். அவன் அழுகை அவளுக்கு இவ்வளவு பிடித்தது அதுதான் முதல் தடவை.

அத்தை கதவைச் சாத்தச் சொல்லி முனகினாள். எழுந்தால் கால் மடங்கியது. மந்திரி தோள் கொடுத்து, உருட்டாத குறையாக அவளை வெளியே கொண்டுவந்தாள். கரிச் சட்டியைத் தொடவில்லை. மறுபடி உள்ளே போகவும் இல்லை. வாத்தியாரைக் கூப்பிட்டாள்.

அவர் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். அம்மாவும் திரும்பிக்கொண்டிருந்தாள். காலி மூட்டைத் துணியைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடி வந்து தம்பியைத் தூக்கினாள். எல்லோரும் தெருமுனை மருத்துவமனைக்குப் போனார்கள்.

அங்கே நர்ஸ் ஒருவர் மூன்று பேர் முகத்திலும் மூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார். என்ன எரிந்தது என்று கேட்டார். அம்மா சொன்னாள்.

"கரியிலேருந்து வர்ற அந்த வாயு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது" என்றார் நர்ஸ். "அடைச்ச ரூம்ல எரிஞ்சா, தூங்கறவங்கள எழுந்திரிக்கவே விடாது. கதவைத் திறந்தது யாரு?"

அத்தை மூடியைக் கொஞ்சம் தூக்கினாள். "எங்க மந்திரி."

'கவலை' என்ற சொல்லை அவள் சேர்க்கவில்லை.

மறுநாளும் அதே குளிர். கரிச் சட்டி இப்போது தகரக் கூரைக்குக் கீழேயே இருந்தது. உள்ளே தம்பியின் பற்கள் தந்தியடித்தன. மந்திரிக்கு அதுவும் கவலையாகிவிட்டது. அம்மா அப்போதுதான் தேய்த்து முடித்த சட்டைகளை அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அடுக்கு நெஞ்சோடு ஒட்டிக் கதகதவென்று இருந்தது.

"அம்மா, போர்வையையும் இஸ்திரி போட்டா?"

அம்மா அவளைப் பார்த்தாள். மேசையைக் காலி செய்தாள். கடைசிக் கரியின் சூட்டில் போர்வைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கொடுத்தாள். அவற்றைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு, சூடு ஆறுவதற்குள் உள்ளே ஓடிப் படுத்தார்கள். தம்பி தன்னை ஒரு சட்டை என்று அறிவித்துவிட்டு, மடங்காமல் விறைப்பாகப் படுத்துக்கொண்டான்.

அத்தையின் மூக்கு வெளியே வந்தது.

"மந்திரி, ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கில்ல?"

"இருக்கு அத்தை."

"சட்டி வெளியதானே இருக்கு?"

"வெளியதான்."

பிறகு அத்தையே போர்வையைப் போர்த்தியபடி எழுந்து, இரண்டையும் பார்த்துவிட்டு வந்தாள். வந்து இன்னொரு கேள்வி கேட்டாள்.

வந்தது மெல்லிய குறட்டை. அன்று வீட்டில் முதலில் தூங்கிப்போனது கவலை மந்திரிதான்.