நாலாக வெட்டிய புத்தகம்

வெள்ளிக்கிழமை, காலை.

அந்தக் கிணற்றின் தண்ணீரைப் பார்க்க இரண்டு வழிகள்தான் உண்டு. விளிம்பு வரை போய்க் குனிய வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துத் தென்னையில் ஏற வேண்டும். கள் இறக்க ஏறிய ஷிஜு உச்சியிலிருந்து தற்செயலாகக் கீழே பார்த்தான். தண்ணீரில் ஒரு வெள்ளை வேட்டி விரிந்து கிடந்தது. வேட்டிக்குள் ஆள் இருந்தார். மரத்திலிருந்து எப்படி இறங்கினான் என்பது ஷிஜுவுக்கே நினைவில்லை.

பாலக்காட்டுக்குக் கிழக்கே, பெருமாட்டிப் பக்கத்தில் பூபதிராஜாவைத் தெரியாதவர்கள் சிலர் இருக்கலாம். அவருடைய சிரிப்பைத் தெரியாதவர் யாரும் இல்லை. மனைவி இறந்துபோன பிறகு, தென்னந்தோப்பின் நடுவில் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து கதைப் புத்தகம் படிப்பதே அவருக்குப் பொழுது. சிரிப்பு வந்தால் அடக்க மாட்டார். மூன்று தோப்பு தள்ளி இருப்பவர்கள்கூட, "பூபதிக்கு இன்னைக்கு நல்ல புஸ்தகம் மாட்டிருச்சு" என்று சொல்லிக்கொள்வார்கள்.

எஸ்.ஐ. ஃபர்ஸானா வந்து சேர்ந்தபோது உடலை மேலே எடுத்திருந்தார்கள். பாலக்காட்டில் தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். அதனால் தமிழ் பேசும் கிழக்குப் பக்கத்து வழக்கெல்லாம் அவள் தலையில்தான் வந்து விழும். அவள் உடலைக் கொஞ்ச நேரமும், மோட்டார் ரூம் வாசலை நெடுநேரமும் பார்த்தாள்.

வாசலில் ஒரு கயிற்றுக் கட்டில். அதன்மேல் கவிழ்த்து வைத்த புத்தகம், அதுவும் முழுப் புத்தகம் இல்லை, நடுவில் அறுத்துத் தனியாகத் தைத்த ஒரு துண்டு. கட்டிலுக்குக் கீழே குடித்து முடித்த இரண்டு இளநீர்க் கூடுகள்.

"ரெண்டும் இவரே குடிச்சிருப்பார் மேடம்" என்றார் ஏட்டு.

"ரெண்டுலயும் குழாய் இருக்கு. ஒரே ஆள் ஒரே குழாயைத்தானே மாத்திப் போட்டுக் குடிப்பார்" என்றாள் ஃபர்ஸானா.

கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. செத்தது வியாழக்கிழமை பிற்பகல் என்றார் டாக்டர். பின்தலையில் காயம், விழும்போது கல்லில் பட்டதாகவும் இருக்கலாம். பூபதிராஜாவின் போன் அவரோடு தண்ணீருக்குள் போய்விட்டது.

ஊர் அதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டது. பூபதிராஜாவின் ஒரே மகள் மௌனிகா கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். கூட வேலை செய்யும் மலையாளப் பையன் ஜோமோனைக் கட்டிக்கொள்வதாக ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். அப்பா முடியாது என்றார். "இனி எனக்குப் போன் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போனாள். வியாழக்கிழமை அவர் கிணற்றில். "பெத்தவனைக் கொன்னுபோட்டா" என்றார்கள், அவள் காதில் விழும்படியே. அவளும் அப்படித்தான் நம்பினாள். அதுதான் கொடுமை.

சனிக்கிழமை, பிற்பகல்.

புத்தகத் துண்டின் கதையைச் சொன்னவர் மூசா. ஜவுளிக்கடைக்காரர். ஞாயிறுதோறும் அவருடைய கடை மாடியில் நாலு பேர் கூடுவார்கள். பூபதிராஜா, மூசா, பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சர் தமிழ்ப்ரியா, பூபதிராஜாவின் தோப்புக்குப் பின்தோப்புக்காரர் மோகனசுந்தரம். தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்றால் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். அதனால் ஒரே ஒரு பிரதி வாங்கி, பைண்டரிடம் கொடுத்து நாலாக வெட்டித் தைத்து ஆளுக்கொரு பாகம் எடுத்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மாற்றிக்கொள்வார்கள்.

"அப்ப கதை முன்னே பின்னே வராதா?" என்றாள் ஃபர்ஸானா.

"வரும். அதுவும் இந்தப் புஸ்தகம் காலத்துல பயணம் போற கதை பாருங்க. முன்னே பின்னே வந்தாலும் குத்தமில்லைன்னு நெனச்சோம்."

நாவலின் பெயர் 'முந்தாநாளுக்கு ஒரு டிக்கெட்'. நாலு சரித்திரப் பேராசிரியர்கள், பல்கலைக்கழகத்தின் பழைய இரும்பு பீரோவுக்குள் புகுந்து சோழர் காலத்துக்குப் போய்விடுகிறார்கள். அன்றைய வரிகளைப் பற்றி வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர், அந்த வரியைக் கட்டாத குற்றத்துக்காகவே சிறைக்குப் போகிறார். கல்வெட்டைத் தப்பாகப் படித்துப் பட்டம் வாங்கியவரை, அந்தக் கல்லைச் செதுக்கிய ஆசாரியே உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறார்.

"பூபதிராஜாவைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"ஞாயித்துக்கிழமைதான். இங்கேதான். மகளோட சண்டைன்னு முகம் வாடியிருந்துச்சு. ஆனாலும் ரெண்டு பக்கம் படிச்சுக் காட்டினாரு. அவர் படிச்சுக் காட்டினா முழுசா நம்பக்கூடாதும்மா. பாதி புஸ்தகத்துல இருக்கும், மீதியை அவரே சேத்துவாரு. எது எதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது."

தமிழ்ப்ரியாவும் அதே பதிலைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பார்க்கவில்லை. மோகனசுந்தரமும் அதேதான். அவர் தம் வீட்டில், தோப்புப் பக்கத்து ஜன்னல்களையெல்லாம் சாத்தி வைத்திருந்தார்.

"பக்கத்துத் தோப்புத்தானே. சத்தம் ஏதாவது?"

"ஒண்ணும் கேக்கலீங்க மேடம். நானு அன்னைக்கு இங்க பக்கத்துச் சித்தூருக்குப் போயிட்டனுங்க."

"பஸ்லயா?"

"பைக்லீங்க."

"உங்க பாகத்தைக் கொஞ்சம் தாங்க. படிச்சுட்டுத் தர்றேன்."

"கேஸுக்குங்களா?"

"எனக்கு. பாதிக் கதையோட நின்னா எனக்குத் தூக்கம் வராது."

அவர் கொண்டுவந்து கொடுத்த இரண்டாம் பாகம், மாற்றிக்கொள்ளும்போது சுற்றிய செய்தித்தாளோடும் கட்டிய சணலோடும் அப்படியே இருந்தது.

செவ்வாய்க்கிழமை, அந்தி.

ஷிஜு ஸ்டேஷனுக்கு வந்து நின்றான்.

"மேடம், வைகுந்நேரம், அந்திக்கு, இனி நான் அந்தத் தோப்பில ஏறமாட்டேன். சத்தியமாயிட்டு ஏறமாட்டேன். அவர் சிரிக்கறாரு."

"யாரு?"

"முதலாளி. செத்துப்போன முதலாளி. மேலே இருந்து நல்லாக் கேட்குது."

அவன் மட்டும் சொல்லவில்லை. தோப்பு வழியாகப் பால் கொண்டுபோகிற பெண்கள் ரோட்டைச் சுற்றிப் போக ஆரம்பித்திருந்தார்கள். மோகனசுந்தரம் மாடுகளைக்கூட வேறு பக்கம் மாற்றிக் கட்டிவிட்டார்.

ஃபர்ஸானா ஜீப்பை ரோட்டிலேயே விட்டுவிட்டுத் தோப்புக்குள் நடந்தாள். தென்னை மட்டைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. மேற்கே வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. பாதித் தூரம் போயிருப்பாள், அந்தச் சிரிப்பு வந்தது. முதலில் இரண்டு சின்ன வெடிப்பு, பிறகு மூச்சு வாங்கல், பிறகு தொண்டை திறந்த பெரும் சிரிப்பு. நின்றது. மறுபடியும் அதே இரண்டு வெடிப்பு, அதே மூச்சு வாங்கல். போலீஸ்காரிதான், ஆனாலும் பயந்து அங்கேயே நின்றுவிட்டாள்.

ஒரே மாதிரி இரண்டு தடவை யாரும் சிரிப்பதில்லை என்பது அடுத்த நிமிடம் உறைத்தது. பயம் போனது. வேகமாக நடந்தாள்.

மோட்டார் ரூமுக்குள் மௌனிகா தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் போன்.

"அப்பா அனுப்புன வாய்ஸ் மெசேஜுங்க. வியாழக்கிழமை மத்தியானம். கோவத்துல நான் தொறக்கவே இல்லீங்க. அடுத்த நாள் செய்தி வந்தப்பறந்தான்..."

"போடுங்க, கேக்கறேன்."

பூபதிராஜாவின் குரல் அந்தச் சின்ன அறையில் உயிரோடு எழுந்தது. "கண்ணு, வேலையா இருக்கியா? இன்னைக்கு ஒரு கூத்துப் பாரு. காலைல மயிலொண்ணு மோட்டார் ரூமுக்குள்ள பூந்து ஸ்டார்ட்டர் பொட்டி மேல ஏறி உக்காந்துட்டு எறங்கவே மாட்டேங்குது. இத்தனை வருசத்துல இப்படி நடந்ததே இல்ல. தொரத்தினா மொறைக்குது. தண்ணி பாய்ச்சாம நான் வெளிய நிக்கறேன். இதைய அந்தக் கதையில சேத்திப்போடணும்..." பிறகு அந்தச் சிரிப்பு.

மௌனிகா அங்கேயே நிறுத்தினாள்.

"இன்னும் இருக்கே?"

"அதுக்கு மேல நான் கேட்டதில்லீங்க."

ஃபர்ஸானா போனை வாங்கிக்கொண்டு வெளியே போய், காதோடு வைத்து மீதியைக் கேட்டாள். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

"உங்கப்பா தானா சாகலை, மௌனிகா. எனக்கு இப்ப நிச்சயமாத் தெரியும். மிச்சத்தைக் கேளுங்க. நல்லதுதான் சொல்லியிருக்கார்."

"கெட்டதா இருந்தாத் தாங்கிக்குவனுங்க. நல்லதுன்னா எப்படிங்க தாங்கறது?"

ஃபர்ஸானா வற்புறுத்தவில்லை. மெசேஜைத் தன் போனுக்கும் அனுப்பிக்கொண்டாள். அடுத்த சில நாட்களில் நாலு பாகங்களையும் வாங்கி, ஒன்று முதல் நாலு வரை வரிசையாக ஒரு வரி விடாமல் படித்தாள். நாவலில் யானை வந்தது. கழுதை வந்தது. அரசவைக் குறிப்புகளைத் திருடித் தின்னும் ஒரு ஆடும் வந்தது. பல இடங்களில் வாய்விட்டே சிரித்துவிட்டாள். ஸ்டேஷனில் மேடத்துக்கு என்னவோ ஆகிவிட்டது என்றார்கள்.

கருமாதி முடிந்த ஞாயிற்றுக்கிழமை.

மூசாவின் கடை மாடி. பூபதிராஜாவுக்குச் செய்கிற மரியாதையாக, அந்த நாவலைப் பற்றி அவரவர் கருத்தைச் சொல்வது என்று ஏற்பாடு. ஏற்பாடு செய்தது ஃபர்ஸானா. மௌனிகாவும் வந்திருந்தாள். ஜோமோன் கீழே, கடை வாசலில் நின்றான். மேலே வரத் தயக்கம்.

மூசா தொடங்கினார். "எனக்கு நாலாம் பாகம் மொதல்ல வந்துச்சு. அதுல ராஜா செத்துப்போயிட்டான். அடுத்த வாரம் மூணாம் பாகம் படிக்கிறேன், அதே ராஜா உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கான். எனக்கு மனசு என்னவோ பண்ணிருச்சு. சிரிப்புக் கதைன்னுதான் வாங்கினோம். எனக்கு அது போனவங்க திரும்பி வர்ற கதையாப் போச்சு." சொல்லிவிட்டுக் காலி நாற்காலியைப் பார்த்தார்.

தமிழ்ப்ரியா கொஞ்சம் கறாராகப் பேசினாள். "பேராசிரியர்களை இவ்வளவு முட்டாளாக் காட்டியிருக்க வேண்டாம். கல்வெட்டு படிக்கிறது ஒண்ணும் விளையாட்டு இல்லை. ஆனா அந்தப் பெண் பேராசிரியர், ஊர் எரியப்போற தேதி தெரிஞ்சும் யாருக்கும் சொல்ல முடியாம நிக்கிறாங்களே, அங்க நான் அழுதுட்டேன். அவங்களால பாக்க மட்டும்தான் முடியுது. யாரையும் காப்பாத்த முடியலை."

எல்லாரும் மோகனசுந்தரத்தைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். சில நாளில் ஆள் பாதியாகியிருந்தார்.

"எனக்கு அத்தனை வெவரமாப் பேச வராதுங்க. நல்ல புஸ்தகம். சிரிப்புன்னா அந்த மயிலுக் கட்டந்தானுங்க. திரும்பி வரலாம்னு பாத்தா, பீரோ மேல மயிலு ஏறி உக்காந்துக்குது. பேராசிரியரு பதறிப்போயி, 'யாரும் தொடாதீங்க, அது தேசியப் பறவை'ங்கறாரு. ராஜா கேக்கறான், 'எந்த தேசம்?'"

மூசா சிரித்துவிட்டார். தமிழ்ப்ரியாவும் சிரித்தாள். இருவரும் தங்களுக்கு இன்னும் வராத பாகத்தில் அது இருக்கும் என்று நினைத்தார்கள். மௌனிகா மட்டும் சிரிக்கவில்லை. அவள் மெல்லத் தலையைத் தூக்கி ஃபர்ஸானாவைப் பார்த்தாள்.

"நல்ல இடம். எந்தப் பாகத்துல வருது?" என்றாள் ஃபர்ஸானா.

"ரெண்டாம் பாகம்னு நெனைக்கறனுங்க."

"உங்க ரெண்டாம் பாகத்தோட சணலை நான்தான் அவிழ்த்தேன். நீங்க அதைப் பிரிக்கவே இல்லை."

"அப்ப... மொத வாரம் படிச்ச பாகமாட்ட இருக்குதுங்க."

"நாலு பாகத்தையும் படிச்ச ஒரே ஆள் நான்தான். அந்தப் புஸ்தகத்துல மயிலே கிடையாது."

கீழே பஸ் ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.

"மயில் வந்தது பூபதிராஜாவோட மோட்டார் ரூமுக்கு. வியாழக்கிழமை காலையில. இதைக் கதையில சேக்கப்போறேன்னு மத்தியானம் மகளுக்குச் சொல்லியிருக்கார். சாயங்காலத்துக்குள்ள அவர் உயிரோட இல்லை. அப்ப, அந்த ஜோக்கை அவர் வாயால கேட்ட ஆள், ரெண்டாவது இளநீரைக் குடிச்ச ஆள்தான். உங்களுக்கு அது புஸ்தகத்துல இருக்கறதுன்னே தோணிருச்சு. துண்டு துண்டா, முன்னே பின்னே படிக்கறவங்களுக்கு எது எங்க வருதுன்னு தெரியாது. அதுக்கப்புறம் உங்களால புஸ்தகத்தைத் தொடவும் முடியலை. கருத்துச் சொல்லணும்னதும் கையில இருந்தது அது ஒண்ணுதான்."

ஃபர்ஸானா தன் போனை மேசைமேல் வைத்துத் தட்டினாள். மயில் கதை ஓடியது. பிறகு சிரிப்பு எழுந்தது. இரண்டு வெடிப்பு, மூச்சு வாங்கல்.

மோகனசுந்தரம் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். "நிறுத்துங்க! தோப்புலதான் கேக்குதுன்னு பாத்தா இங்கயுமா? நிறுத்துங்க, சாமி!"

ஃபர்ஸானா நிறுத்தினாள்.

"தடந்தானுங்க கேட்டேன்" என்றார் அவர். "என்ற தோப்புக்குப் போக வண்டித்தடம் இல்லீங்க. தடம் இல்லாத பூமிய யாருங்க வாங்குவா? அவுரு எளநி வெட்டிக் குடுத்து, கதை படிச்சு, சிரிச்சுட்டே இருந்தாரு. மறுபடி கேட்டேன். 'மயிலு எந்திரிச்சா தடம் தர்றேன், போ'ன்னு சிரிச்சாரு. கெணத்தோரமா நின்னு சிரிச்சாருங்க. நிறுத்துங்கன்னு ஒரு கையில நெஞ்சுல தள்ளுனேன். அவ்வளவுதான். சிரிப்பு நின்னுபோச்சு."

"நீங்க உடனே கத்திக் கூப்பிட்டிருந்தா யாராவது காப்பாத்த வந்திருப்பாங்களே" என்றாள் ஃபர்ஸானா.

மௌனிகா எழுந்து மோகனசுந்தரத்தின் முன்னால் வந்து நின்றாள். சின்ன வயதில் அவர் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்தவள்.

"மாமா, ஊரே என்னைச் சொல்லுச்சு. நீங்க அப்பா பொணத்துக்குத் தோள் குடுத்தீங்க. அப்பவும் சொல்லலியே."

"மன்னிச்சுரு கண்ணு" என்றார். அவள் மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் வேண்டியதில்லை.

ஏட்டு அவரைக் கீழே அழைத்துப் போனார். மூசா காலி நாற்காலியைப் பிடித்தபடி அழுதார். மௌனிகா தன் போனை எடுத்து அப்பாவின் மெசேஜை ஓடவிட்டாள். இத்தனை நாளும் நிறுத்திய இடத்தில் அவள் விரல் வந்து நின்றது. பிறகு நிறுத்தாமல் விலகிக்கொண்டது.

சிரிப்பு முடிந்தது. பூபதிராஜா மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

"சரி கண்ணு, கோவிச்சுக்காத. ஞாயித்துக்கெழம அப்பன் கொஞ்சம் அதிகமாப் பேசிப்போட்டேன். அந்தத் தம்பியக் கூட்டிட்டு வா. அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா? தெரியலைன்னாலும் பரவால்ல. நான் படிச்சுக் காட்டறேன்."

மௌனிகா படியில் இறங்கி, வாசலில் நின்ற ஜோமோனிடம் போனைக் கொடுத்தாள். அவன் காதில் வைத்துக் கேட்டான். தமிழ் அவனுக்கு அரைகுறைதான். கடைசி வாக்கியம் மட்டும் முழுதாகப் புரிந்தது.