எதுவும் கேட்காத பவளம்

பாட்டிலில் மட்டம் இறங்கவில்லை.

கடல்மீன் தொட்டிக்கு அடியில் இருந்த அலமாரிக் கதவைத் திறந்து, வயிறு இடிக்காதபடி ஒருபக்கமாகச் சரிந்து உட்கார்ந்து, கால்சியம் கரைசல் வைத்திருந்த பாட்டிலை அவள் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். கடைசியாக நிரப்பியபோது பேனாவால் இழுத்த கோட்டிலேயே கரைசல் நின்றது. அதைச் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள் விடவேண்டிய சின்ன மோட்டார் செத்துப்போய்க் கிடந்தது. எப்போது செத்ததோ, வாரக்கணக்கில் ஆகியிருக்கலாம். மசக்கை, வாந்தி, ஆஸ்பத்திரி என்று அலைந்ததில் இந்தப் பக்கம் குனிந்து பார்க்கவே தோன்றவில்லை.

பவளம் வளர்வது என்றால் எலும்பு கட்டுவதுதான். பார்க்கக் கிளைவிட்ட செடி மாதிரி இருந்தாலும் அது செடியில்லை. கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்கள் கூட்டமாக உட்கார்ந்து, தண்ணீரில் இருக்கும் கால்சியத்தை உறிஞ்சிக் கட்டுகிற எலும்புக்கூடு. போடுவதை நிறுத்தினால் தண்ணீரில் சத்து தீரும், நுனி வெளுக்கும், பிறகு ஒவ்வொன்றாகச் சாகும். பதறிப்போய் ஒரு குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, சோதனைச் சொட்டுகளை விட்டுக் குலுக்கினாள். கால்சியம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு சொட்டு குடித்த பிறகுதான் இளஞ்சிவப்பு நீர் நீலமாகும். ஓரிரு சொட்டிலேயே நீலமாகிவிடும் என்று பயந்தாள். ஆகவில்லை. விட்டுக்கொண்டே இருந்தாள். வழக்கமான அளவையும் தாண்டித்தான் நிறம் மாறியது.

“ஏங்க, மோட்டார் ஓடவே இல்ல. ஆனா தண்ணியில கால்சியம் எக்கச்சக்கமா இருக்கு.”

கணவன் சாக்ஸை மாட்டிக்கொண்டிருந்தான். லிப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமையும் யாராவது எங்காவது மாட்டிக்கொள்வார்கள்.

“நல்லதுதானே? கெட்டுப்போயும் வேலை நடக்குதுன்னா அதை ஏன் நோண்டுற? எங்க லிப்டெல்லாம் புதுசா மாட்டியும் நின்னு தொலைக்குது.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவைச் சாத்தினாள். மோட்டாரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது முறையும் கரு தங்காமல் போனபோது வாங்கிய தொட்டி அது. வீட்டில் எதுவாவது ஒன்று வளர்ந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. உப்பைக் கரைத்து, கல் அடுக்கி, ஒரு வருஷம் பழுப்புப் பாசியோடு மாரடித்தாள். ஆவியாகிப் போகிற அளவுக்கு வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாகாது என்பதுகூடத் தெரியாமல் முதல் மீன்களை உப்பிலேயே கொன்றாள். பிறகு மெல்ல மெல்லக் கை பழகியது. இப்போது யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் தொட்டியைத்தான் பார்ப்பார்கள். “மீனுக்கு ஏசி, எனக்கு ஓட்டை ஃபேன்” என்று கணவன் அவர்களிடம் முறையிடுவான்.

நடுக்கல்லில் இருந்த அந்தப் பெரிய பவளம் மட்டும் கடையில் வாங்கியதில்லை. ஊர் மாறிப் போவதால் தொட்டியைக் கலைக்கிறோம், வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு அக்கா சொல்ல, இருவரும் போயிருந்தார்கள். அந்த அக்காவுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. கைத்தடி ஊன்றி நடந்தாள். உள்ளங்கை அளவு வெள்ளைக் கிளை ஒன்றை, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

“இதுக்கு என்ன போடுவீங்க அக்கா?”

“ஒண்ணும் போட வேண்டாம். அதுவே எடுத்துக்கும்.”

புதிதாக வருவதைத் தனித் தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். அந்த விதி அவளுக்கு அத்துப்படி. ஆனால் அவ்வளவு அழகாக இருந்தது. அன்றே கையுறைகூடப் போடாமல் கல்லில் ஒட்டினாள். கூரான நுனி விரலைக் கிழித்தது. ரத்தம் தண்ணீரில் கொஞ்சம் கலங்கியது. வெள்ளைக் கிளைப் பக்கமாக இழுபட்டுப் போய் மறைந்தது. அந்த மாதமே நாள் தள்ளிப்போனது. பவளம் வந்த வேளை என்று கணவன் வாய் ஓயாமல் சொன்னான். அவளும் நம்பினாள், ஏன் நம்பக்கூடாது?

மோட்டார் கெட்டது தெரிந்த மறுவாரம், பிரெட்டைக் கடித்தபோது கடைவாய்ப் பல் உடைந்தது. வலியே இல்லை, சாக்பீஸ் முறிகிற மாதிரி முறிந்தது. நகங்கள் தாளாகக் கிழிந்தன. மாடிப்படி ஏறினால் இடுப்பு நெரிந்தது. மாமியார் போனில், “பிள்ளைத்தாச்சிக்கு இதெல்லாம் சகஜம்மா, மாத்திரையை ஒழுங்கா போடு” என்றாள். ஒழுங்காகத்தான் போட்டாள். விரலில் காயம் ஆறிய இடத்தில் அரிசி முனை அளவுக்கு வெள்ளையாக ஏதோ கெட்டித்திருந்தது. கிள்ளினால் வரவில்லை. பவளம் மட்டும் கொழித்தது. முன்பக்கம் இடமில்லாமல் கல்லைச் சுற்றி, பின்கண்ணாடிப் பக்கமாகப் படர்ந்து போனது.

ஐந்தாம் மாத ஸ்கேன் அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே. எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. கதிர் படக்கூடாதென்று இப்போது ரிப்போர்ட் கவுண்டரில் உட்கார வைத்திருந்தார்கள். வயிற்றில் ஜில்லென்று ஜெல் பட்டது. ஸ்கேன் டாக்டர் வழக்கமாகக் கதை பேசுகிறவர். இன்று கருவியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உருட்டினார்.

“இதயத்துடிப்பு நல்லா இருக்கும்மா. அசைவும் இருக்கு.”

“எலும்பு, டாக்டர்?”

“மெஷின் கொஞ்சம் மக்கர் பண்ணுது. நாளைக்கு பெரிய ஆஸ்பத்திரியில ஒரு தடவை பார்த்துடலாம்.”

இதே வாக்கியத்தை எத்தனை பேரிடம் அவள் சொல்லியிருக்கிறாள்! தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தாள். எலும்பு இருந்தால் வெள்ளையாகப் பளிச்சிடும், அதன் பின்னால் கறுப்பாக நிழல் விழும். தொடை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மடிப்பு. முதுகு இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு மடிப்பு. நிழலே விழவில்லை. உள்ளே என்னவோ புரண்டது.

வீட்டு வாசலில் இறங்கும்போதே கணவனுக்குப் போன் வந்தது, யாரோ லிப்டில் மாட்டிக்கொண்டார்களாம். “நீ கண்ணை மூடிப் படு. ஒண்ணும் இல்ல, மெஷின்தான். அரை மணியில வந்துடுவேன்.” அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அவன் போனதும் கதவில் சாய்ந்து நின்றாள். இந்த முறையும் போய்விட்டால் என்னால் தாங்க முடியாது என்று வாய்விட்டே சொன்னாள், யாரும் இல்லாத கூடத்தில்.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. பொழுது சாய்கிற நேரம், தொட்டி விளக்குகள் தானாகவே வெள்ளையிலிருந்து நீலத்துக்கு மாறியிருந்தன. சுவரிலும் சோபாவிலும் அவள் புடவையிலும் அந்த நீலம் அலைந்துகொண்டிருந்தது, பம்பின் முனகலுக்கும் வழிந்தோடும் தண்ணீரின் களகளப்புக்கும் அடியில், கல்லுக்குள்ளிருந்து டிக், டிக் என்று ஏதோ சொடக்கியது, எப்போதும் இருக்கிற கடல் வாடையோடு இன்று இன்னொரு வாசனையும் சேர்ந்து வந்தது. பல் டாக்டரிடம் பல்லை ராவும்போது வருமே, அந்த வாசனை.

பாட்டில் நினைவுக்கு வந்தது.

போடாத கால்சியம் தண்ணீருக்குள் எங்கிருந்து வந்தது?

தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே குழாய் போகிற சந்து. முகம் நுழையாது. கைபேசியில் விளக்கைப் போட்டு, உள்ளே நீட்டி, கண்ணாடியை ஒட்டி ஒரு படம் எடுத்தாள். வெளியே இழுத்துப் பார்த்தாள்.

நீலப் பின்னணியில் வெள்ளை உருவம். ஆயிரக்கணக்கில் படம் பார்த்த கண் அது, ஏமாறவில்லை. வளைந்த முதுகெலும்பு, மணி மணியாகக் கோத்தது. அதிலிருந்து இருபக்கமும் மெல்லிய விலா. மடங்கிய தொடை. முகவாயோடு சேர்த்து வைத்த இரண்டு கை. ஐந்தைந்து விரல்.

“இல்ல” என்றாள். “இல்ல, இல்ல.”

ஸ்டூலைப் போட்டு ஏறி, தோள்வரை கையை விட்டு, இடுப்பு நெரிய நெரியக் கல்லை முன்பக்கமாகத் திருப்பினாள். அது கண்ணாடியோரம் வந்து நின்றது. உள்ளங்கையில் அடங்கும் போல இருந்தது. மேலே சதை இல்லை, தோல் இல்லை. பவளத்தின் சின்ன வாய்கள்தான் ஆயிரமாயிரமாகத் திறந்து மூடின.

அலமாரியிலிருந்து வெட்டுகிற இடுக்கியை எடுத்தாள். பவளக் கிளை வெட்ட, எலும்பு டாக்டர்கள் வைத்திருக்கும் அதே இடுக்கிதான் எல்லாரும் வாங்குவது. கழுத்துக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் அலகை வைத்தாள். அமுக்கவில்லை, வைத்தாள். அவ்வளவுதான்.

வயிற்றுக்குள் பிள்ளை மொத்தமும் சுருண்டது.

இடுக்கி தண்ணீருக்குள் விழுந்தது. ஈரக்கையோடு கைபேசியைத் தேடி, அந்த அக்காவின் எண்ணை அழுத்தினாள். நெடுநேரம் மணி அடித்தது.

“அக்கா, நான்... அந்தப் பவளம்...”

“பின்னாடி பார்த்துட்டீங்களா?” தூக்கம் கலையாத குரல் மாதிரி இருந்தது.

“இது என்ன அக்கா? சொல்லுங்க. உங்க கால்ல விழறேன்.”

“உடைச்சிடாதீங்க.”

“அக்கா...”

“நாங்க உடைச்சோம்.”

அதற்குமேல் குரல் வரவில்லை. தரையில் தடி ஊன்றும் சத்தம் மட்டும் விலகி விலகிப் போனது. பிறகு அதுவும் இல்லை.

அவள் நின்றாள். அழுகை வரவில்லை. பிள்ளை அங்கேயா இங்கேயா? எலும்பு அங்கே இருக்கிறது. துடிப்பு இங்கே இருக்கிறது. யாரிடம் கேட்பது, எந்த டாக்டரிடம்? ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்தது. இன்னும் முடியவில்லை. விலா பாதியில் நிற்கிறது. மண்டையோடு மூடவில்லை. கேட்கிற வயிற்றுக்குத் தாய்தான் போட வேண்டும். மோட்டார் கெட்டபோதே போட்டிருக்க வேண்டும்.

கால்சியம் பாட்டிலின் மூடியைத் திருகினாள்.

மொத்தமாக ஊற்றக்கூடாது. ஊற்றினால் தண்ணீர் கெட்டுப்போகும், மீன் சாகும். தெரியும். ஊற்றினாள். தன் மாத்திரைகளை அட்டையோடு கொண்டுவந்து, கரண்டியால் நசுக்கி, அதையும் போட்டாள். உடைந்த பல் துண்டைப் பல் டாக்டரிடம் காட்ட வைத்திருந்தாள். அதையும். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. ஆரஞ்சு மீன் இரண்டும் ஒருக்களித்து மேலே வந்தன. பார்த்தாள். பார்க்காதது போல இருந்தாள்.

“எடுத்துக்கோ கண்ணு. எல்லாம் எடுத்துக்கோ.”

ஸ்டூலில் ஏறி, வெளுத்த தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினாள். வழவழப்பு. சின்ன முதுகு. சின்னத் தோள். கை.

கை திறந்தது.

பிடித்தது.

தழும்பு இருந்த விரலைத்தான். ஐந்து விரலும் மடங்கி, இறுக்கி. உருவ முடியவில்லை. உருவ மனமும் இல்லை. மழைச் சத்தம். டிக், டிக் சத்தம் நின்றுவிட்டிருந்தது. இன்னொரு கையை வயிற்றில் வைத்தாள். அழுத்தினாள். இந்தப் பக்கம். அந்தப் பக்கம்.

அசைவே இல்லை.

பூட்டு திறந்தது. கணவன் வாசலில் நனைந்துபோய் நின்றான். நீல இருட்டில் அவள் ஸ்டூல்மேல் நிற்பதும், கை தொட்டிக்குள் இருப்பதும் மட்டும் தெரிந்திருக்கும். அவன் கை சுவிட்சைத் தேடியது.

“லைட் போடாதீங்க.”

“என்னம்மா பண்ற? கீழ இறங்கு. மெதுவா...”

“சத்தம் போடாதீங்க. இப்பத்தான் தூங்குது.”

தண்ணீர் மெல்லத் தெளியத் தொடங்கியது. வெள்ளைப் பொடி அடியில் படிய, கண்ணாடியோரம் அந்தத் தலை தெரிந்தது. நெற்றி முழுசாகிவிட்டிருந்தது. உச்சிக்குழி மட்டும் இன்னும் மூடவில்லை. அது மெல்ல ஏறியது, இறங்கியது, ஏறியது.