வாயால் வரும் பெயர்

அலுவலகத்தில் அவனுக்கு மோப்பம் என்று பெயர். வக்கீல் வைத்தது. வாரிசு யாரென்று தெரியாமல் ஒருவர் செத்துப்போனால், அவருடைய அத்தை மகனின் பேரனையாவது எந்த மூலையிலிருந்தாவது மோந்து பிடித்துவிடுவான். அதற்குத்தான் சம்பளம். பிழைப்புக்கு ஆயிரம் வழி இருக்க, அவனுக்கு வாய்த்தது இந்த வழி.

அந்த வேலையில் அவன் சொந்தமாகக் கண்டுபிடித்துக்கொண்ட தந்திரம் ஒன்று இருந்தது. வக்கீல் அனுப்பினார் என்று சொன்னால் யாரும் கதவைத் திறப்பதில்லை. திறந்தாலும் சங்கிலியை எடுப்பதில்லை. ஆனால், "நானும் உங்க குடும்பப் பேருதாங்க" என்று சொல்லிப் பாருங்கள். அதுவும் ஊர் உலகத்தில் யாருக்கும் இல்லாத அபூர்வமான குடும்பப் பெயராக இருந்துவிட்டால், சங்கிலி கழலும், நாற்காலி வரும், தேநீர் வரும், ஓடிப்போன சித்தப்பாவின் கதை கேட்காமலே வரும். பொய்தான். ஆனால் யாருக்கும் கெடுதல் இல்லாத பொய் என்று அவன் நினைத்திருந்தான்.

இந்த முறை அவன் தேடிப் போன பெயரை இங்கே எழுதப் போவதில்லை. காரணம் போகப் போகப் புரியும். ஒரு விடுதி அறையில், பட்டப்பகலில் எல்லா விளக்குகளையும் எரியவிட்டபடி ஒரு மனிதர் இறந்துகிடந்தார். அவருக்கு அந்தக் குடும்பப் பெயர். உற்றார் உறவினர் யாரென்று தெரியவில்லை. வக்கீல் அவனைக் கூப்பிட்டு, "மோப்பம், இது உனக்குன்னே செத்த கேஸுடா" என்றார்.

அவனும் அலைந்தான். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. ஏதோ ஒரு கைத்தொழிலிலிருந்து வந்தது என்றார் ஒருவர். ஏரிக்குள் முங்கிப்போன ஊரின் பெயர் என்றார் இன்னொருவர். அப்படியொரு சொல் எந்த மொழியிலும் கிடையாது என்று அடித்துச் சொன்னார் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். பெயர் உள்ளவர்கள் என்னவோ இருக்கத்தான் செய்தார்கள். இந்த ஊரில் ஒருவர், நாலு ஊர் தள்ளி ஒருவர் என்று நாடு முழுக்கத் தேடினால் ஒரு பேருந்தில் ஏற்றிவிடலாம். ஆனால் ஒரு விஷயம் அவனை உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தப் பெயரில் எங்கேயும் ஒரு குழந்தை பிறக்கவில்லை.

பிறப்புப் பதிவு அலுவலகத்தில் இல்லை. பிரசவ ஆஸ்பத்திரிகளில் இல்லை. எல்லோருமே வளர்ந்த ஆட்களாகத்தான் திடீரென்று அந்தப் பெயரோடு தட்டுப்பட்டார்கள். பிறக்காத பெயர் எப்படிப் பரவும்? யாரோ திருடுகிறார்கள். எவனோ ஒரு கூட்டம், வாரிசு இல்லாத சொத்தைச் சுருட்ட இந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு திரிகிறது. அவன் மூக்கு அப்படித்தான் சொன்னது.

கடைசியில் தேடல் ஒரு வீட்டில் போய் நின்றது.

மதியச் சாப்பாடு முடிந்து தெருவே உறங்கும் நேரம். மழை பிடிக்கலாமா வேண்டாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருந்தது. சாலை முடியும் இடத்தில், இரண்டு அடுக்கு வீடு. கீழே ஜன்னல்கள் திறந்திருந்தன. மேலே அத்தனையும் மூடியிருந்தன. ஈரச் சுண்ணாம்பு வாசனையோடு, கூடவே காய்ச்சல்காரர் படுத்திருக்கும் அறையின் வாசனையும் வந்தது.

கதவை ஒரு பெரியவர் திறந்தார். நெடிய உடம்பு, கறுத்த முகம். அவர் பின்னால் குள்ளமாக, வெளுப்பாக ஓர் அம்மாள். "என் தங்கச்சி" என்றார் பெரியவர், கேட்காமலே. அண்ணன் தங்கை என்று சொன்னால் கண்ணில்லாதவன்கூட நம்ப மாட்டான்.

மோப்பம் வாசற்படியில் ஒரு காலை வைத்து, வழக்கமான சிரிப்பைச் சிரித்தான். "நானும் உங்க குடும்பப் பேருதாங்க." சொல்லிவிட்டு அந்தப் பெயரையும் வாயாரச் சொன்னான்.

அம்மாளின் கை அவசரமாக நீண்டு வந்தது. அவன் வாயைப் பொத்த வருவதுபோல் வந்து பாதியில் நின்றது.

"அப்படிச் சொல்லாதீங்க தம்பி," என்றாள் மெதுவாக. "இல்லைன்னு சொல்லிடுங்க. உடனே சொல்லிடுங்க."

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்! இன்னொரு வாரிசு வந்துவிட்டான் என்றதும் ஆட்டம் கண்டுவிட்டார்கள் என்று அவனுக்கு உள்ளூரக் குஷி. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். அவன் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினான்.

"அதெப்படிங்க இல்லைன்னு சொல்றது? எனக்கு ஒரே பொண்ணு. எட்டு வயசு. அவளுக்கும் இந்தப் பேருதான்."

மேல்மாடியில் எதையோ தரதரவென்று இழுக்கும் சத்தம் கேட்டது. கனமான மரம் தரையில் உராயும் சத்தம்.

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மகள் இருப்பது மட்டும் உண்மை. தாயில்லாப் பிள்ளை. அக்காவின் பொறுப்பில் விட்டுவிட்டுத்தான் அவன் ஊர் ஊராகப் போவான். எங்கே போனாலும் விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பிவிடுவான். அவனுக்கு உலகத்தில் உள்ளது அந்த ஒரு குட்டிதான்.

கூடத்தில் உட்காரவைத்தார்கள். தேநீர் வந்தது. அவன் வேலையைத் தொடங்கினான்.

"உங்க அப்பா பேரு என்னங்க?"

அண்ணன் ஒன்று சொன்னார். தங்கை வேறொன்று சொன்னாள். இருவரும் திருத்திக்கொள்ளக்கூட இல்லை. பிடிபட்டால் பிடிபட்டுக்கொள்ளட்டும் என்பதுபோல் இருந்தது அந்த அலட்சியம். அதுதான் அவனுக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. அம்மாள் அவனைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே யாரோ ஓடினார்கள். சின்னக் கால்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு.

"மாடியில யாரு?"

"யாருமில்லை," என்றார் பெரியவர்.

"பசங்க," என்றாள் அம்மாள், அதே நேரத்தில்.

அவன் தேநீரைக் கீழே வைத்தான். சரிதான். உண்மையான வாரிசு மேலே இருக்கிறது. சின்னப் பிள்ளை. இந்த இரண்டு திருட்டுக் கிழங்களும் அதைப் பூட்டிவைத்துவிட்டுச் சொத்துக்குக் காத்திருக்கிறார்கள். கோபம் வந்தது. வீட்டில் ஒரு பெண் குழந்தையை வைத்திருப்பவனுக்கு வராமல் எப்படி இருக்கும்? அவன் எழுந்து நேரே படிக்கட்டுக்குப் போனான். அம்மாள் குறுக்கே வந்தாள்.

"விடும்மா," என்றார் பெரியவர். "இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது?"

படி ஏற ஏற அந்தக் காய்ச்சல் வாசனை கனத்தது. மேலே ஒரே நீள அறை. மூடிய ஜன்னல்களின் இடுக்கில் வந்த வெளிச்சத்தில், வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டில்கள்.

எல்லாம் காலி.

ஆனால் ஒவ்வொரு தலையணையிலும் ஒரு குழி விழுந்திருந்தது. ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் ஒரு சாப்பாட்டுத் தட்டு. யாரும் தொடாத சாப்பாடு.

அவன் நடந்தான். அவன் தாண்டிப் போன கட்டில்களில், ஒன்றன்பின் ஒன்றாக, போர்வை விலகும் சத்தம்.

திரும்பிப் பார்த்தான்.

யாரும் இல்லை. போர்வைகள் விலகியிருந்தன.

கோடியில் ஒரு கட்டில் வரிசைக்கு வெளியே, சற்றுக் கோணலாகக் கிடந்தது. தரைத் தூசியில் அதை இழுத்து வந்த தடம் புதிதாக இருந்தது. வெள்ளை விரிப்பு, குழி விழாத தலையணை, மடித்துவைத்த போர்வை. அவன் குனிந்து விரிப்பில் கை வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. அதிலிருந்து ஒரு வாசனை வந்தது. விளையாடிவிட்டு வந்த பிள்ளையின் தலைமுடி வாசனை. தினமும் தூங்கவைக்கும்போது அவன் முகர்ந்து பார்க்கும் வாசனை. அதை வேறொன்றோடு அவன் குழப்பிக்கொள்ள வழியே இல்லை.

"இது யாருக்கு?" என்றான்.

அம்மாள் அறைக்குள் வராமல் வாசலிலேயே நின்று அழுதாள். "பொண்ணு இருக்குன்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க."

அவன் அறையை விட்டு வெளியே வந்தான். படிக்கட்டிலேயே உட்கார்ந்து பெரியவர் சொன்னார். சத்தமில்லாமல், பிள்ளைகள் தூங்கும் வீட்டில் பேசுவதுபோல் பேசினார்.

"நாங்க அண்ணன் தங்கச்சி இல்ல தம்பி. நான் கரண்டு மீட்டர் பார்க்க வந்தவன். இவங்க குடித்தனக் கணக்கெடுக்க வந்த டீச்சர். கதவைத் திறக்கட்டுமேன்னு விளையாட்டாச் சொன்னோம், நானும் உங்க பேருதான்னு. நீங்க சொன்ன மாதிரியே."

"அப்போ நெசமான குடும்பம்?"

"எப்பவோ செத்துப்போச்சு. விஷக் காய்ச்சல். பெத்தவங்க முதல்ல போயிட்டாங்க. பிள்ளைங்க மேல படுத்த படுக்கையா கிடந்ததுங்க. அப்போ ஒருத்தன் வந்தான், எங்கிருந்தோ. நானும் இந்தக் குடும்பம்தான்னு தெருவுல சொல்லிட்டு உள்ள நுழைஞ்சான். வீடு கிடைச்சா போதும் அவனுக்கு. சொந்தக்காரர் வந்துட்டாருன்னு பிள்ளைங்க மேலேர்ந்து கூப்பிட்டுச்சு. அவன் மாடிக் கதவைச் சாத்திட்டுக் கீழ உட்கார்ந்துட்டான். சத்தம் நிக்கிற வரைக்கும்."

அறைக்குள் கால்கள் ஓடுவது நின்றுபோயிருந்தது. எல்லாம் வாசலருகே வந்து கேட்டுக்கொண்டிருப்பதுபோல் அவனுக்குப் பட்டது.

"ரத்தத்துல வர்ற பேரு அதோட முடிஞ்சது," என்றார் பெரியவர். "அதுக்கப்புறம் அது வாயால வர்ற பேரு. வாசல்ல நின்னு யாரு சொன்னாலும் இதுங்க நம்பிடும். ஆனா பெரியவங்க இதுங்களுக்கு வேண்டாம். ஏமாத்தினவங்க பெரியவங்கதானே? கூட விளையாட ஆள் வேணும். நம்ம வீட்டுச் சின்னதைத்தான் கூப்பிடும்."

"என் பையன் பதில் சொன்னான்," என்றாள் அம்மாள். "அன்னைக்குச் சாயங்காலமே. நான் அடுப்படியில இருந்தேன். வர்றேன்னு சொன்னது கேட்டுச்சு. ஓடிப் போய்ப் பார்த்தா இல்லை." அவள் அறையின் உள்ளே பார்த்தாள். "அதான் இங்கேயே இருக்கேன். மூணாவது கட்டில்."

விடுதியில் செத்தவரும் இங்கே இருந்தவர்தானாம். தாங்க முடியாமல் ஓடிப்போனவர்.

"நான் சொன்னது பொய்!" மோப்பம் அறையைப் பார்த்துக் கத்தினான். "எனக்கு அந்தப் பேரு இல்ல! என் பொண்ணுக்கும் இல்ல!"



"நாங்களும் சொல்லிப் பார்த்தோம்," என்றாள் அம்மாள்.

அவன் படியில் பாதி இறங்கிவிட்டு நின்றான். "பதில் சொல்லலைன்னா? கூப்பிடும்போது பதில் சொல்லாம இருந்துட்டா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கேள்வியை அவர்கள் யோசித்ததே இல்லை போலிருந்தது.

"கூப்பிட்டா பதில் சொல்லாத குழந்தை உண்டா தம்பி?" என்றாள் அம்மாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை கெட்டாலும் தன்னோடு போகிறது. அவன் குட்டியையும் சேர்த்தல்லவா இழுத்துவிட்டான்! பேருந்தில் உட்கார்ந்து அவன் தன்னைத்தானே திட்டிக்கொண்டே வந்தான். அக்காவுக்குப் போன் செய்தான்.

"அக்கா, அவ எங்க?"

"இங்கதான், படம் வரைஞ்சுக்கிட்டு இருக்கா. ஏன்டா மூச்சு வாங்குது?"

"கதவைத் தாழ்ப்பாள் போடு. நான் வர்ற வரைக்கும் அவகிட்டப் பேச்சுக் கொடுத்துக்கிட்டே இரு. வேற யாரு கூப்பிட்டாலும் பதில் சொல்லக் கூடாதுன்னு சொல்லு."

"குடிச்சிருக்கியா?"

"உன் காலைப் பிடிச்சுக்கிறேன்க்கா. நான் சொன்னதைச் செய்."

வீட்டை அடைந்தபோது இருட்ட ஆரம்பித்திருந்தது. அது ஒற்றை அறையும் ஒரு சமையலறையும் கொண்ட ஓட்டு வீடு. மாடி கிடையாது. ஓட்டுக்கு மேல் வானம்தான். அதை நினைத்து அவனுக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்தது. குட்டி தரையில் குப்புறப் படுத்து வரைந்துகொண்டிருந்தாள். அவன் அவளை வாரி எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நாம ஒரு விளையாட்டு விளையாடலாமா? யாரு கூப்பிட்டாலும் பதில் சொல்லக் கூடாது. சொன்னா அவுட்டு."

"அத்தை கூப்பிட்டா?"

"சொல்லக் கூடாது."

"டீச்சர் கூப்பிட்டா?"

"ம்ஹூம்."

அவள் யோசித்தாள். முகம் வாடிவிட்டது. "நீ கூப்பிட்டாகூடவா?"

அந்த முகத்தைப் பார்த்து மனது கேட்கவில்லை. "நான் கூப்பிட்டா மட்டும் சொல்லலாம்டா கண்ணு."

அவள் சிரித்தாள். இரண்டு உதட்டையும் மடித்து இறுக்கி மூடிக்கொண்டாள். சமையலறையிலிருந்து அத்தை வேண்டுமென்றே இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். குட்டி வாய் திறக்கவில்லை. கெட்டிக்காரி. ஜெயித்துவிடலாம் என்று அவனுக்கு முதல்முறையாக நம்பிக்கை வந்தது. கடிகாரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

ஓட்டின் மேல் ஏதோ ஓடியது.

பூனையாக இருக்கலாம்.

பூனை இல்லை. ஒன்று ஓடி நின்றது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு நிறைய. எல்லாம் அவர்கள் தலைக்கு நேர் மேலே வந்து நின்றன.

ஈரச் சுண்ணாம்பு வாசனை அடித்தது.

அவன் அவளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டான். அவள் உதடுகள் மடிந்தபடியே இருந்தன. கண்களை மட்டும் உருட்டி மேலே பார்த்தாள்.

கூரைக்கு மேலிருந்து கூப்பிட்டார்கள்.

"குட்டி."

செல்லமான, கொஞ்சம் கரகரத்த ஆண் குரல்.

அவனுடைய குரல்.

"குட்டி, வா," என்றது அது. கூடவே அந்தக் குடும்பப் பெயரையும் சொன்னது, அவன் அந்த வாசற்படியில் நின்று சொன்ன அதே இழுவையோடு.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். மூடியிருந்த அவன் வாயைப் பார்த்தாள். மறுபடி மேலே பார்த்தாள். விளையாட்டின் விதி அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவன் சட்டென்று அவள் வாயைப் பொத்தினான்.

உள்ளங்கைக்கு அடியில் அந்தச் சின்ன உதடுகள் அசைந்தன.

"வர்றேன்ப்பா."