பிற்பகல் வருகை

செத்துப்போன பிள்ளைக்கு ஆகஸ்ட் மாதம் முழுக்க வருகைக் கோடு போட்டிருந்தது. விஜயகுமாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். நான்காம் வகுப்பு, 1986. முப்பத்தோராவது பெயர், பூங்காவனம். அந்தப் பெண் போனது ஜூலைக் கடைசியில். பக்கத்தைப் புரட்டப் புரட்ட, செப்டம்பர், அக்டோபர் என்று நீல மைக் கோடுகள் ஒரு நாள் விடாமல் ஓடிக்கொண்டிருந்தன.

டீச்சர் தூங்கி வழிந்துகொண்டே போட்டிருப்பாள் என்று உதட்டைச் சுழித்தாள். இந்தப் பள்ளிக்கூடத்தில் எது ஒழுங்காக நடந்தது?

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே இருக்கிற அந்த ஆரம்பப் பள்ளியின் படி ஏறவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஷூ கம்பெனியில் அவள் ஹெச்.ஆர். மேனேஜர். பிள்ளைகளுக்குக் கம்பெனி சார்பில் ஷூ கொடுக்க வந்திருப்பதாக ஊருக்குப் பேச்சு. வந்தது இந்த ரெஜிஸ்டருக்காக. பழைய ரெஜிஸ்டர்களை நூற்றாண்டு விழாவில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போவதாகத் தலைமையாசிரியை மேகலா போனில் சொன்ன நாளிலிருந்து விஜயகுமாரிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு பக்கம். ஜூலைப் பக்கம். அதைக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. படித்த காலத்தை நினைத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று சொன்னதும் மேகலா கண்கலங்கிப்போய் ஸ்டோர் ரூமைத் திறந்துவிட்டாள். அந்தக் கண்கலங்கலைப் பார்த்து விஜயகுமாரிக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஆசையாம். ஆசைப்பட இங்கே என்ன இருந்தது? ஒழுகுகிற ஓடு, புழு மிதக்கிற சாம்பார், சட்டைக் கையில் மூக்கைத் துடைக்கிற பிள்ளைகள். அதிலும் பூங்காவனம். அவள் அப்பன் டேனரியில் சுண்ணாம்புக் குழி வேலைக்காரன். மாட்டுத்தோலை நாள்கணக்கில் ஊறப்போட்டு மயிரைக் கழற்றுகிற குழி அது. அந்த வாடை அவள் பாவாடையிலும் ஏறியிருக்கும். பலகையில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். உட்காராதபடி விஜயகுமாரி பார்த்துக்கொண்டாள். பூங்காவனத்துக்குப் பேச்சு மூக்கால் வரும். மத்தியானம் அப்பனுக்குச் சோறு கொடுத்துவிட்டுத் தாமதமாகத்தான் திரும்புவாள். மோகனா டீச்சர் பெயருக்குப் பெயர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தலை நிமிராமல் பிற்பகல் வருகை எடுக்கும்போது, விஜயகுமாரி தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதே குரலில் "உள்ளேன் டீச்சர்" என்பாள். வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

பூங்காவனம் திரும்பியே வராத அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான் சொன்னாள். சாயங்காலம் மகளைத் தேடி வந்த அப்பனிடம் டீச்சர் ரெஜிஸ்டரைக் காட்டி, மத்தியானம் வகுப்பில் இருந்தவள்தான், வேறெங்காவது போய்ப் பார் என்று அனுப்பிவிட்டாள். ஊரே பாலாற்றங்கரையில் தேடியது. குழிப்பக்கம் யாரும் போகவில்லை. மூன்றாம் நாள் குழியிலிருந்து தோல்களை இழுத்தபோது, தோலோடு தோலாக அவள் வெளியே வந்தாள். குழியின் விளிம்பெல்லாம் நகக் கீறலாக இருந்ததாம். வெகுநேரம் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறாள்.

விஜயகுமாரி யாரிடமும் மூச்சு விடவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, போனது பூங்காவனம்தானே. அதே விஜயகுமாரிதான் போன மாதம், ஒருத்திக்கு இன்னொருத்தி ஆஜர் போட்டதற்காக இரண்டு தையல்காரப் பெண்களை வேலையைவிட்டு நிறுத்தினாள். நாய்ப் புத்தி என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னாள்.

ஜூலைப் பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். கிழியவில்லை. ஈரத் தோல்போல நீண்டது.

கையை உதறினாள். தலைக்கு மேல் மின்விசிறி முனகி நின்றது. உடைந்த நாற்காலிகளுக்கும் சாக்பீஸ் பெட்டிகளுக்கும் அடியிலிருந்து ஒரு நெடி கிளம்பி, மூக்கைச் சுட்டு, நாக்கில் காரமாகப் படிந்தது. வெளியே நல்ல வெயில். பக்கத்து வகுப்பில் பிற்பகல் வருகை ஆரம்பமானது. ரிஹான், உள்ளேன். ஸ்வேதா, உள்ளேன். சூர்யா, உள்ளேன். பிறகு ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் தொண்டையைச் செருமுகிற வேறொரு குரல் கேட்டது. நந்தகோபால், உள்ளேன் டீச்சர். அருணகிரி, உள்ளேன் டீச்சர்.

அருணகிரி அவளோடு படித்தவன். குடித்துச் செத்து இரண்டு வருஷம் ஆகிறது.

அது மோகனா டீச்சரின் செருமல்.

"பூங்காவனம்."

மறுபடி அந்தச் செருமல்.

"பூங்காவனம்."

விஜயகுமாரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து, மூக்கால், அது வந்தது.

"உள்ளேன் டீச்சர்."

சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் சிரித்தார்கள்.

"விஜயகுமாரி."

"உள்ளேன் டீச்சர்." அது அவள் குரல். கம்பெனியில் எல்லாரும் நடுங்குகிற குரல். ஜன்னலுக்கு வெளியேயிருந்து வந்தது.

எட்டிப் பார்த்தாள். அவளுடைய சேலை. அவளுடைய கைப்பை. அவளுடைய நடை. வேப்பமரத்தடியில் டிரைவர் தபரேஸ் கார்க் கதவைத் திறந்தான்.

"இன்னா மேடம், சீக்கிரமே வந்துட்டீங்க?"

"வந்த வேலை முடிஞ்சிபோச்சி தபரேஸ். போலாம்."

கார் கிளம்பியது. கைகாட்டி வழியனுப்பிவிட்டு மேகலா வந்து ஸ்டோர் ரூம் கதவை இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாளில் கை வைத்தபடி, வழக்கமாகக் கேட்பதுபோல, "உள்ள யார்னா இருக்கீங்களா?" என்றாள்.

விஜயகுமாரி தொண்டை கிழியக் கத்தினாள்.

"உள்ளேன் டீச்சர்."

"வால்பசங்க. பேஜாரு புடிச்சதுங்க," என்று மேகலா முணுமுணுத்தாள். தாழ்ப்பாள் விழுந்தது.

கால் ஈரமானது. குனிந்தாள். தரை இல்லை. வெள்ளைத் தண்ணீர். கணுக்கால். முழங்கால். இடுப்பு. முதலில் குளிர்ந்தது. பிறகு எரிந்தது. பிறகு எரியவும் இல்லை. அலமாரியை எட்டிப் பிடித்தாள். வழுக்கியது.

சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் எட்டாம் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தார்கள்.

முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கினாள். கொண்டை முழுசாகக் கையோடு வந்தது. வலிக்கவில்லை. வெள்ளைத் தண்ணீரில் அது மெல்லச் சுற்றிச் சுற்றி மிதந்தது. பக்கத்தில் அவள் புருவங்கள்.